எல்லாப் பருவத்துக்கும் ஒரே ஜோடி ராணுவ பூட்ஸ் போதுமா?

புதுவரவு:

எல்லோருக்கும் வணக்கம். பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போகப் போகிறேன். நிறமும் உயரமும் விதிக்குள் இருந்தால் பூட்ஸைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். போகிற இடத்தில் கோடை வெயில் மண்டையைப் பிளக்கும், அதற்குப் பிறகு குளிர்காலம்வரை இழுக்கும் நீண்ட மழை, குளிர்காலத்தில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கும். வேலை பெரும்பாலும் நடை ரோந்து, நடுநடுவே இரவுக் காவல், எப்போதாவது வண்டி. கோர்டெக்ஸ் (தண்ணீரைத் தடுத்து வேர்வை ஆவியை வெளியே விடும் சவ்வு) வைத்த, 8 அங்குல உயர பூட்ஸ் நல்லதாக ஒன்று வாங்கிவிட்டால் வருஷம் முழுக்க ஓட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. கையில் இருக்கும் காசு ஒரு ஜோடிக்குத்தான், இழுத்துப் பிடித்தால் இரண்டு. என்ன சொல்கிறீர்கள்?

காலாட்படைக்காரன்:

தம்பி, ஒரே ஜோடிதான் என்றால் கோர்டெக்ஸ் வேண்டாம்.

அந்தச் சவ்வு வேலை செய்வது பூட்ஸுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் ஈரப்பதத்தின் வித்தியாசத்தை நம்பித்தான். வெளியே குளிர்ந்து, காற்று உலர்ந்திருந்தால் வேர்வை ஆவியாகி வெளியேறும். வெளியே புழுக்கம் என்றால் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை, சாக்ஸிலேயே தங்கிவிடும். கோடை ரோந்தில் மத்தியானத்துக்குள் சாக்ஸைப் பிழியலாம்.

மழைக்காலத்துக்கு வருவோம். பூட்ஸின் மேல்விளிம்பைத் தண்ணீர் தாண்டாதவரைதான் அது வாட்டர்ப்ரூஃப். ஓடையில் முழங்கால்வரை ஒரு முறை இறங்கினால் போதும், உள்ளே போன தண்ணீர் திரும்பி வர வழி கிடையாது. வெளித் தண்ணீரைத் தடுக்கிற அதே சவ்வு உள்தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் ரெண்டு நாள் சளக் சளக் என்று நடக்க வேண்டியதுதான். எந்த பூட்ஸிலும் ஒரு நாள் தண்ணீர் நுழையத்தான் போகிறது. நுழைந்த பிறகு எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

ஈரக்கால்:

அண்ணன் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். காட்டு பூட்ஸ் பிறந்ததே இந்த யோசனையில்தான். பாதத்தின் உள்பக்கம், சோலுக்குச் சற்று மேலே, வலை வைத்த சின்ன ஓட்டைகள் இரண்டு இருக்கும். ஆற்றைக் கடந்து நாலு எட்டு வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் தண்ணீர் அதன் வழியாகப் பீய்ச்சி வெளியேறும். மேல்பாகம் நைலான் துணி என்பதால் தோலைவிடச் சீக்கிரம் காயும்.

சோலையும் கவனியுங்கள். வியட்நாம் போரில் முதலில் வந்தது வைப்ரம் என்ற ரப்பர் சோல் மாதிரி, அடியில் துருத்தும் கட்டைகள் நெருக்கமாக வைத்த சோல். பாறையில் பிரமாதமாகப் பிடிக்கும். (அதைக் கண்டுபிடித்த விதாலே பிரமானி ஒரு மலையேறி. 1935-ல் மலையில் கூட வந்தவர்கள் ஆறு பேரை இழந்த பிறகுதான் ரப்பர் சோலில் இறங்கினார்.) ஆனால் களிமண்ணில் அந்தப் பள்ளங்கள் அடைத்துக்கொண்டு சோல் வழுவழுவென்று ஆகிவிட்டது. அதனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பனாமா சோலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கட்டைகள் சாய்வாக, இடைவெளி விட்டு இருக்கும், நடக்க நடக்கச் சேற்றைத் தானே உதறிவிடும். உங்கள் மண் களிமண்ணா, சரளையா, பாறையா என்று தெரியாமல் சோலைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இன்னொன்று. அந்த வடிகால் ஓட்டை பாலைவனத்தில் எதிரி. மணல் உள்ளே வரும். அதனால்தான் பாலைவன பூட்ஸில் அதை அடைத்துவிட்டார்கள்.

பனிக்காவல்:

இருவரும் வெப்பமண்டலத்தை வைத்துப் பேசுகிறீர்கள். அவருக்குக் குளிர்கால மழையும் உண்டு, அதை ஏன் யாரும் தொடவில்லை? காலுக்கு மிக மோசமான வானிலை உறைபனி என்று நினைக்கிறோம். எனக்குக் கேட்டால் அதைவிட மோசம் 2, 3 டிகிரியில் பெய்யும் மழை. பனி பூட்ஸின் மேல் உதிர்ந்து விழுந்துவிடும், மழை ஊறி இறங்கும். துணி வைத்த காட்டு பூட்ஸோடு அந்தச் சேற்றில் ஒரு ராத்திரி நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

1982 ஃபாக்லாந்துப் போர் இதற்குப் பாடம். பிரிட்டிஷ் வீரர்களின் டிஎம்எஸ் (சோலை நேரடியாக வார்த்து ஒட்டிய) பூட்ஸ் கணுக்கால் உயரம்தான், மேலே துணிப்பட்டி சுற்றிக்கொள்வார்கள். ஈரமான புல்வெளிச் சகதியில் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதே தவிரத் தடுக்கவில்லை. எதிரியின் குண்டைவிடச் சொந்தக் காலே பலரைப் படுத்தி எடுத்தது. அதற்குப் பிறகுதான் உயரமான பூட்ஸுக்கு மாறினார்கள். இந்த மாதிரி இடத்தில் சவ்வு வைத்த தோல் பூட்ஸுக்கு மாற்று கிடையாது.

காலாட்படைக்காரன்:

குளிர் மழைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவர் வாங்கப் போவது ஒரே ஜோடி, வருஷத்தில் அந்தக் குளிர் மழை எத்தனை நாள்?

பனிக்காவல்:

நாள் கணக்கு எதற்கு? வேர்த்தால் கொப்புளம் வரும், சகித்துக்கொண்டு நடக்கலாம். ட்ரெஞ்ச் ஃபுட் (ஈரக்குளிரில் பாதம் கெடுவது) வந்தால் ஸ்ட்ரெச்சர். எது ஆளை விழுத்தாட்டுமோ அதற்குத்தான் முதல் ஜோடி.

மருந்துப்பெட்டி:

கொப்புளத்தை அப்படி லேசாகத் தள்ளாதீர்கள். அது கிழிந்து சீழ் பிடித்து, காய்ச்சலோடு படுத்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆனாலும் ட்ரெஞ்ச் ஃபுட் பற்றி அவர் சொன்னது சரி, கொஞ்சம் விளக்குகிறேன்.

அதற்கு உறைபனி தேவையில்லை. 0 முதல் 15 டிகிரிவரை, ஈரம், அசையாமல் இருப்பது, இறுக்கமான பூட்ஸ். இவை சேர்ந்தால் ஒரே நாளில்கூட ஆரம்பித்துவிடும். பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து நரம்பு கெடுகிறது. முதலில் கால் மரத்துப் போகும், வெளுத்து, தோல் சுருங்கிப் பிசுபிசுவென்று இருக்கும். சூடேறும்போதுதான் வலி உயிரை எடுக்கும். 1944-45 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் அமெரிக்கப் படையில் குளிரால் கால் கெட்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் 40,000-க்கும் மேல்.

இதில் பூட்ஸின் பங்கு பாதிதான். மீதி சாக்ஸும் பழக்கமும். ஒரு நாளில் ஒரு முறையாவது பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, உலர்ந்த சாக்ஸ் மாற்றினால் சாதாரண பூட்ஸோடும் தப்பிக்கலாம். ஈர சாக்ஸை உள்பனியனுக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். நாற்றத்தைப் பார்க்காதீர்கள்.

பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊற வைக்கும். கம்பளி அல்லது கம்பளி கலந்தது, உள்ளே மெல்லிய செயற்கை நூல் லைனர். சாக்ஸ் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், தோல் தப்பிக்கும்.

புதுவரவு:

நன்றி அக்கா. காலில் வேர்க்காமல் இருக்க ஸ்ப்ரே அடிக்கலாம் என்கிறார்களே, பலன் உண்டா?

மருந்துப்பெட்டி:

உண்டு, ஆனால் அதற்கும் விலை இருக்கிறது. அலுமினியம் குளோரைடு 20 சதவீதம் கலந்த மருந்தை ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். 21 கிலோமீட்டர் நடைக்கு முந்தைய ஐந்து ராத்திரிகளில் மூன்று ராத்திரியாவது தடவிக்கொண்டவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் கொப்புளம், மருந்தில்லாத வெறும் திரவம் தடவியவர்களில் 48 சதவீதம். ஆனால் மருந்து தடவியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோலில் எரிச்சல். நீண்ட நடைக்கு முன்னால் சில நாள் தடவலாம், தினசரிப் பழக்கம் ஆக்காதீர்கள். நடக்கும்போது ஓரிடம் சுடுகிற மாதிரி இருந்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுவது எந்த மருந்தைவிடவும் மேல்.

வண்டியோட்டி:

எல்லோரும் வானிலையையே பேசுகிறீர்கள், டியூட்டியை மறந்துவிட்டீர்கள். பிரிட்டிஷ் ராணுவம் 2012-ல் கறுப்பிலிருந்து பழுப்பு பூட்ஸுக்கு மாறியபோது எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? பாலைவனத்துக்கு இரண்டு, மிதவெப்ப நிலத்துக்கு இரண்டு, குளிர் ஈரத்துக்கு ஒன்று. அந்த 'இரண்டு' என்பது நடந்து போகிறவனுக்கு ஒன்று, வண்டியிலும் கவச வாகனத்திலும் இருக்கிறவனுக்கு ஒன்று. அதே வெயில், அதே மண், வேலைதான் வேறு.

என் அனுபவத்தில் தடித்த சோல் வைத்த மலை பூட்ஸோடு பெடலை மிதித்தால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று காலுக்கே தெரியாது. சோலின் ஓரம் அகலமாக இருந்தால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அமுங்கும். வண்டிக்கு மெல்லிய, வளையும் சோல் வேண்டும்.

டாங்கிக்காரர்களுக்கு லேஸுக்குப் பதில் தோல் பட்டை சுற்றிய பூட்ஸ் வந்ததற்கும் காரணம் உண்டு, லேஸ் இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளும். தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள இடத்தில் நைலான் துணி பூட்ஸே கூடாது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விமானக் குழுவுக்கும் இதே கதைதான், முழுத் தோல். ஓடுதளத்தில் வேலை செய்பவர்களுக்குச் சோலில் ஆழமான பள்ளம் இருக்கக்கூடாது. அதில் மாட்டிய கூழாங்கல் ஓடுதளத்தில் விழுந்து எஞ்சினுக்குள் போனால் அவ்வளவுதான்.

பனிக்காவல்:

நல்ல விஷயத்தைத் தொட்டீர்கள். குளிரிலும் இதே வித்தியாசம் இருக்கிறது. மைனஸ் 10-ல் மூட்டையோடு மலை ஏறுகிறவனுக்கு உள்ளே பஞ்சு வைத்த பூட்ஸ் தேவையில்லை, கால் வேர்த்து, நின்றதும் அந்த வேர்வையே குளிரும். அதே மைனஸ் 10-ல் காவல் மேடையில் நாலு மணி நேரம் நிற்கிறவனுக்கு எவ்வளவு வெதுவெதுப்பு வைத்தாலும் போதாது. காங்கிரீட் தரை சோல் வழியாகச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தடித்த ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) இன்சோல் போடுங்கள், காலுக்கடியில் ஒரு பலகையோ மடித்த அட்டையோ போட்டு நில்லுங்கள். அட்டை இலவசம், குளிரையும் நன்றாகத் தடுக்கும்.

ரொம்பக் கடுங்குளிருக்குக் கொரியப் போர்க் காலத்தில் வந்த ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. உருண்டையாக இருப்பதால் மிக்கி மவுஸ் என்றே பெயர். இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே கம்பளி ஃபெல்ட், வெளித் தண்ணீரும் வேர்வையும் அந்த ஃபெல்டை நனைக்கவே முடியாது. கால் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் சூடாக இருக்கும். அதன் வெள்ளை வகை மைனஸ் 54 டிகிரிவரை தாங்கும் என்பது கணக்கு. விமானத்தில் போகும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து பூட்ஸ் வீங்கிவிடும் என்று பக்கத்தில் ஒரு வால்வுகூட வைத்திருப்பார்கள். நமது புதுவரவுக்கு இது தேவையில்லை, ரசிக்கலாம் என்று சொன்னேன்.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. ஆனால் அளவு பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை. யாராவது ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் இதே ஆள் 'பூட்ஸ் கடிக்கிறது' என்று தனி இழை திறப்பார்.

தோல்தையல்:

அதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். ராணுவ பூட்ஸ் தைத்து, பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். சவ்வு, சோல், ஃபெல்ட் எல்லாம் இரண்டாவது. முதலில் அளவு. காலுக்குப் பொருந்தாத உயர்ந்த ரக பூட்ஸைவிடப் பொருந்திய சாதாரண பூட்ஸ் நூறு மடங்கு மேல்.

சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், பகலெல்லாம் நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எந்த சாக்ஸோடு போடப் போகிறீர்களோ அதை மாட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் முதுகில் கனமான பையோடு. சுமை ஏறினால் பாதம் நீளும், அகலும். இரண்டு காலையும் அளந்து, பெரியதற்கு வாங்குங்கள்.

முதலில் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். குதிகால் பின்னால் சரியாகப் பொருந்த, முன்னால் நீளமான விரலுக்கு அப்பால் ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். பக்கவாட்டில் சுண்டுவிரல் இன்சோலுக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஜோடியைத் திருப்பி வைத்துவிடுங்கள். தோல் விரியும் என்று கடைக்காரர் சொல்வார். அகலத்தில் கொஞ்சம் விரியும்தான், நீளத்தில் ஒருபோதும் விரியாது.

பிறகு மாட்டி, லேஸைக் கட்டி, படிக்கட்டில் இறங்குங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் மலை இறக்கத்தில் நகம் கறுத்து விழும். ஏறும்போது குதிகால் மேலே தூக்கினால் அங்கேதான் கொப்புளம். துளி தூக்கல் பரவாயில்லை, புதுச் சோல் இன்னும் வளையப் பழகவில்லை.

பல ராணுவங்கள் மாண்டோபாயிண்ட் அளவைப் பயன்படுத்துகின்றன. 270/106 என்று போட்டிருந்தால் பாதம் 270 மில்லிமீட்டர் நீளம், 106 அகலம். நாட்டுக்கு நாடு மாறும் 8, 9, 42 எண்களோடு குழம்ப வேண்டாம். வீட்டில் சுவரோடு குதிகாலை ஒட்டி, காகிதத்தில் அளந்து பார்த்தாலே உங்கள் எண் தெரிந்துவிடும்.

மருந்துப்பெட்டி:

இதோடு பெண்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். ஆண்கள் பூட்ஸில் சின்ன அளவை எடுத்துக்கொண்டு சமாளிக்காதீர்கள். நம்மில் பலருக்கு முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கம். முன்னால் சரியாக இருந்தால் பின்னால் ஆடும். பெண்களின் கால் வார்ப்பில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

புதுவரவு:

எனக்குக் குதிகால்தான் பிரச்சினை. பயிற்சியில் கொடுத்த பூட்ஸில் முன்பக்கம் சரி, பின்னால் வழுக்குகிறது. இறுக்கிக் கட்டினால் மேல்பாதம் வலிக்கிறது. எனக்குத் தட்டைப் பாதம் வேறு. ஆர்ச் சப்போர்ட் இன்சோல் போட்டால் சரியாகுமா?

தோல்தையல்:

லேஸில் சரி செய்யலாம். முன்பாதத்துக்கு மேல் இருக்கும் கண்ணிகளைத் தளர்வாகவே விடுங்கள். கணுக்கால் மடங்குகிற இடம் வந்ததும் இரண்டு லேஸையும் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று முறுக்கி, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து இழுங்கள். அந்த முறுக்கு பூட்டு போட்ட மாதிரி நிற்கும், கீழே தளர்வு, மேலே இறுக்கம், ஒன்று மற்றதைத் தொடாது. மேல்பாதத்தில் ஓர் இடம் மட்டும் வலித்தால் அந்தக் கண்ணியில் குறுக்கே போகாமல் லேஸை நேராக மேலே ஏற்றிவிடுங்கள், அழுத்தம் போய்விடும்.

மருந்துப்பெட்டி:

தட்டைப் பாதம் வலிக்கவில்லை என்றால் அதை நோண்டாதீர்கள். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் பயிற்சியாளர்களிடம் பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஓட்டக் காலணி கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்த குழுவோடு ஒப்பிட்டால் காயங்கள் குறையவே இல்லை. அது ஓட்டக் காலணி, பூட்ஸ் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் வளைவு வடிவத்தை மட்டும் பார்த்து இன்சோல் விற்பவர்களிடம் காசைக் கொட்ட வேண்டாம். வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குறிப்பாக மூட்டையோடு நடந்த பிறகு முன்பாத எலும்பில் ஒரே புள்ளியில் வலி இருந்தால் எலும்புக் கீறலாக இருக்கலாம். அணிவகுத்து நடந்தவர்களிடம் இதைப் பிரஷ்ய ராணுவ மருத்துவர் ஒருவர் 1855-லேயே எழுதி வைத்திருக்கிறார். அதை பூட்ஸ் மாற்றிச் சரி செய்ய முடியாது, ஓய்வுதான்.

ஈரக்கால்:

எடையை விட்டுவிட்டோமே. காலில் ஒரு கிலோ கூடினால் முதுகில் ஐந்து கிலோ கூடின அளவுக்கு உடம்பு உழைக்கிறது, 4 முதல் 6 மடங்குவரை என்று அளந்திருக்கிறார்கள். ஜோடிக்கு அரைக் கிலோ குறைந்தால் நாள் முழுக்க நடக்கிறவனுக்கு அது பெரிய சமாச்சாரம். இரும்பு முனை தேவையில்லாத வேலைக்கு அதைச் சுமக்காதீர்கள்.

காலாட்படைக்காரன்:

கிடங்கு, பட்டறை வேலைக்கு மட்டும் பாதுகாப்பு முனை அவசியம். 200 ஜூல் இடியைத் தாங்கும் என்ற ஐஎஸ்ஓ 20345 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புக்குப் பதில் காம்போசிட் முனையும் உண்டு, எடை குறைவு.

சரி தம்பி, பனிக்காவல் சொன்னதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு என் முடிவைக் கொஞ்சம் வளைக்கிறேன். இழுத்துப் பிடித்து இரண்டு ஜோடியே வாங்குங்கள். முதலாவது சவ்வு இல்லாதது, தோலும் துணியும் கலந்தது, சீக்கிரம் காய்வது. கோடை, வெதுவெதுப்பான மழை, வண்டி எல்லாவற்றுக்கும் அது. இரண்டாவது சவ்வு வைத்த முழுத் தோல், அரை அளவு பெரிதாக. தடித்த கம்பளி சாக்ஸுக்கு இடம் வேண்டும். இருக்கிற பூட்ஸிலேயே இரண்டாவது சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும்தான் குளிரும். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை, எந்தப் பருவத்தில் போய்ச் சேர்கிறீர்களோ அதற்கானது முதலில்.

பனிக்காவல்:

இதற்கு நான் ஒப்புக்கொள்கிறேன். வரிசையைப் பற்றி மட்டும் இன்னும் சண்டை போடுவேன்.

புதுவரவு:

கடைசியாக ஒரு கேள்வி. எனக்குப் பிடித்த மாடல் பழைய ஸ்டாக்கில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பெட்டி பிரிக்காதது. வாங்கலாமா?

தோல்தையல்:

சோல் என்ன பொருள் என்று முதலில் கேளுங்கள். முழு ரப்பர் என்றால் தைரியமாக வாங்கலாம். நடுச்சோல் பாலியூரித்தேன் என்றால் ஜாக்கிரதை. அந்தப் பொருள் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து தானாகவே சிதையும், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும். பார்க்கப் புதுசாக இருக்கும், முதல் நீண்ட நடையில் சோல் பொலபொலவென்று உதிர்ந்து கையோடு வந்துவிடும். தயாரித்த மாதம், வருடம் நாக்கின் உள்பக்க லேபிளிலோ சோலின் அடியிலோ இருக்கும். ஐந்து வருடம் தாண்டியது என்றால் நான் தொடமாட்டேன். பூட்ஸை வளைத்து, மேல்தோலும் சோலும் சேரும் கோட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நடுச்சோலில் நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் அப்படியே நின்றாலும் பிசுபிசுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு: நனைந்தால் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, ஊறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஹீட்டர் பக்கத்திலோ நெருப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். சொரசொரப்பான தோலுக்கு மெழுகு பாலிஷ் போடாதீர்கள், பிரஷ் மட்டும். உப்புத் தண்ணீரில் இறங்கினால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சவ்வு வைத்த ஜோடியில் குதிகால் உள்துணியை அடிக்கடி விரலால் தடவிப் பாருங்கள். லேஸை அவிழ்க்காமல் காலைத் திணிக்கிறவர்களுக்கு அங்கேதான் முதலில் ஓட்டை விழும், துணி போனால் பின்னாலேயே சவ்வும் போகும்.

வண்டியோட்டி:

உதிரி லேஸ் ஒரு ஜோடி சேர்த்து வாங்குங்கள். பழைய லேஸின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள், கண்ணிகளை எண்ணி வாங்கினால் குட்டையாக வந்துவிடும்.